காசும் காதும்

சங்கக் கடைக்குப் போக வெளிக்கிட்டவள்
படலையில் நின்று கேட்டாள்:
"காது எங்க வச்சனீங்கள்?"
இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு
இருக்குது என்றேன்.
காசு கேட்டிருக்கிறாள்.

அன்றைக்குச் சிரித்தோம்.
பிறகு பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

மல்லாவியில் என் தகரக் கொட்டிலுக்குள்
மூன்று பழைய மிசின்கள்.
மாங்குளத்துப் பழைய இரும்புக்காரனிடம்
கிலோக் கணக்கில் வாங்கியது ஒன்று.
தண்ணீர் இறைக்கா, நெல் குத்தா.
ஞாயிறு பின்னேரம்
கயிற்றைச் சுற்றி ஒரே இழுவை.
கறுப்புப் புகை, பிறகு நீலம்,
பிறகு அந்த டொக் டொக் டொக்.
என்ன பிரயோசனம் என்று கேட்கிறார்கள்.
பூனை வளர்ப்பவனிடம்
எத்தனை போத்தல் கறக்கும் என்று கேட்பார்களா?

தகரம் சத்தத்தை வெளியே விடாது.
நாலு பக்கமும் அடித்துத் திருப்பி
என்னிடமே தரும்.
ஏழு வருசம் வாங்கிக்கொண்டேன்.

வவுனியா ஆசுபத்திரியில்
கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தினார்கள்.
கீச்சுச் சத்தம் வந்தால் பொத்தானை அமத்த வேண்டும்.
வராத சத்தத்துக்காக
மரியாதையாகக் காத்திருந்தேன்.
அந்தப் பிள்ளை கடுதாசியில் கோட்டைக் காட்டினாள்.
நேராக வந்த வரம்பு
ஓரிடத்தில் உடைந்து, பள்ளம்.
"சானாவும் தானாவும் விழுகிற இடம், அண்ணை.
மிசின் தின்றிருக்கு.
போனது போனதுதான்.
இருக்கிறதைப் பாருங்கோ."

எங்கள் பக்கத்தில் இதை
எல்லாரும் எல்லாருக்கும் சொல்லியாயிற்று,
வீட்டுக்கு, காணிக்கு, ஆட்களுக்கு.
காதுக்கு ஒருவர் சொன்னது
அன்றைக்குத்தான்.

பங்கருக்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது:
குப்புறப் படு, வாயைத் திற, காதைப் பொத்து.
மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.
சாவு வந்தபோது பொத்திய காதை
ஆசை வந்தபோது
அகலத் திறந்து வைத்திருக்கிறேன்.

துணுக்காயிலிருந்து யூட்சன் வருவான்,
அவனுக்கும் இதே விசர்.
காதுக்குள் பஞ்சு அடைந்திருந்தான்.
பஞ்சு பொய்யடா என்று பிடுங்கி எறிந்தேன்.
மஞ்சள் நுரைக்கட்டையை விரலால் உருட்டி
ஊதுபத்திக் குச்சிபோல மெலிய வைத்து,
மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்
காதை மேலே இழுத்து
உள்ளே விடு.
அது ஊதும்வரை விரலை எடுக்காதே.
"தலைமை வாத்தியார் முறுக்கினது போலக் கிடக்கு" என்றான்.
அதற்கு மேல் செம்மஞ்சள் மூடி.
மேற்குப் பக்கத் தகரத்தைக் கழற்றி,
புகைக்குழாயையும் நீட்டிவிட்டோம்.
வயல் கொஞ்சம் கேட்கட்டும்.
கொக்குகள் கிளம்பி, இரண்டு வரம்பு தள்ளி
இறங்கின.

காதை மூடினால் மிசின் காலால் கேட்கிறது.
உள்ளங்கால், முழங்கால், கடைவாய்ப் பல்.
வால்வு ஒன்று அரை மூச்சுப் பிந்துவதை
ஏழு வருசமாக அந்த இரைச்சலுக்குள்
நான் கண்டதே இல்லை.

போன ஞாயிறு
தேத்தண்ணியோடு வந்தாள் தவச்செல்வி.
ஒரு கையில் கோப்பை.
மறு கையால் ஒரு காது.
மற்றக் காதைத் தோளில் அமத்தி,
கழுத்தைச் சரித்துக்கொண்டு.
எல்லா ஞாயிறும் இப்படித்தான் வந்திருப்பாள்.
நான் கோப்பையைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெயைப் பூட்டினேன்.
சில்லு சுற்றி ஓயுமட்டும்
இருவரும் நின்றோம்.
தேத்தண்ணியில் சின்ன வட்டங்கள்
ஒவ்வொன்றாக அடங்கின.

திங்கள் விடிய மாங்குளத்தில்
இன்னொரு மூடி கேட்டேன், பெண் தலைக்கு.
கடைக்காரன் விலை சொன்னான்.
திரும்பவும் சொன்னான்.
சட்டைப்பையில் இருந்த காசு முழுவதையும்
உள்ளங்கையில் விரித்து
நீயே எடு என்று நீட்டினேன்.